படுக்கையிலிருந்து கடல் தெரியுமா?

என் மனைவி லவோன் இறந்த பதினோராம் நாள் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது.

கனமான நீலக் காகிதத்தில் கடிதம். 'அன்புள்ள லவோன், வாழ்த்துகள்! உங்கள் பால்கனி உயர்த்தப்பட்டுவிட்டது. இனி உங்கள் பார்வையை எதுவும் மறைக்காது!' கீழே கப்பல் நிறுவனத்தின் மகிழ்ச்சித் துறைத் தலைவர் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். சமையலறையில் நின்றபடியே அதை மூன்று தடவை படித்தேன். துக்க வீட்டுக்கு உருளைக்கிழங்கு சமைத்துக் கொண்டுவந்த தேவாலயத்துப் பெண்களின் தட்டுகளைக் கழுவி அடுக்கி வைத்திருந்தேன். வந்த ஆத்திரத்துக்கு ஒன்றைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டிய தட்டுகள் என்பதால் விட்டுவிட்டேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்களிடம் கப்பல்களைவிட வக்கீல்கள் அதிகம்.

என் பெயர் டெல்மர் ரீகெல். நெப்ராஸ்காவில் முப்பத்தொரு வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். லவோன் பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமைத்தவள். எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் யாரைக் கேட்டாலும், வியாழக்கிழமை மதியம் அவள் போடும் பீன்ஸும் இறைச்சியும் கலந்த சில்லியையும் கூடவே கொடுக்கும் இலவங்கப்பட்டை ரோலையும் பற்றிச் சொல்வார்கள். எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கடல் வர இரண்டு நாள் ஆகும். எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்கவில்லையே என்று வருத்தப்பட்டதும் இல்லை. சோளம் அறுக்கவும் பனி தள்ளவுமே வருஷம் சரியாக இருந்தது.

போன வருஷம் மே மாதம் லவோனின் நுரையீரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மூக்கில் குழாய், காலடியில் ஆக்ஸிஜன் இயந்திரம். படுத்தால் மூச்சு முட்டும் என்று மூன்று தலையணை அடுக்கி, பாதி உட்கார்ந்த வாக்கில்தான் தூங்குவாள். ஒருநாள் காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"டெல்மர், எனக்கு ஒரு பால்கனி வேணும்."

"நம்ம வீட்டுக்கா? நம்மது ஒரே மாடிதானடி."

"கப்பல்ல. கரீபியன் போறோம். என்னால கூட்டத்துல நிக்க முடியாது. கதவத் திறந்து போட்டு, படுத்துக்கிட்டே கடலப் பாக்கணும்."

"படுக்கைலேர்ந்து கடல் தெரியுமா?"

"அத யாரயாவது கேட்டா சொல்லிட்டுப் போறாங்க."

அந்த ஒரு கேள்விக்கு அந்த நிறுவனத்தில் ஒரு ஆளிடமும் பதில் இல்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

முதலில் கப்பலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களிடம் மூன்று கப்பல்கள் இருந்தன. 'ஆனந்தம்', 'பேரானந்தம்', 'எல்லையில்லா ஆனந்தம்'. முதலாவது பழசு, அதில் போகிறவர்களை நிறுவனமே கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தது. மூன்றாவதற்குப் பதினெட்டு மாடி. அதில் பனிச்சறுக்கு அரங்கம் இருந்தது. முப்பத்தொரு வருஷம் பனி தள்ளியவனைக் கரீபியன் வரை கூட்டிப் போய்ப் பனியைக் காட்டப் பார்த்தார்கள்.

எந்தக் கப்பல் நமக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிக்க அவர்கள் இணையதளத்தில் ஒரு கேள்வித்தாள். 'கப்பலில் நீங்கள் அதிகம் எதிர்பார்ப்பது எது?' நாற்பத்திரண்டு பதில்கள் கொடுத்திருந்தார்கள். சூதாட்டம், நீர்ச்சறுக்கு, சாக்லேட் நீரூற்று, நீச்சல்குளத்தில் நின்றபடி மது. லவோன் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை தேடினாள்.

"கடல் இல்லயே, டெல்மர்."

"நல்லாப் பாரு. கீழ இருக்கும்."

"கீழ 'கராத்தே' இருக்கு."

கடைசியில் 'மற்றவை' என்ற இடத்தில் 'கடல்' என்று அடித்தாள். பக்கம் சிவப்பாகி, 'சரியான பதிலைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது. அவள் சிரித்துச் சிரித்து இருமலாகி, இயந்திரத்தின் வேகத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. கராத்தேயைத் தேர்ந்தெடுத்தோம். 'பேரானந்தம்' எங்களுக்குப் பொருத்தம் என்று வந்தது.

பால்கனியில் இருபத்துமூன்று வகை. இதற்கென்றே லிங்கன் நகரத்து ஓட்டலில் முதல்முறைப் பயணிகளுக்கு ஒரு கருத்தரங்கு வைத்திருந்தார்கள். இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். மேடையில் தாட் ப்ரூயிட் என்று ஒருவர். முதுநிலைப் பால்கனி ஆலோசகர். சட்டையில் நங்கூரம் குத்தியிருந்தார்.

"நண்பர்களே, பால்கனின்னா என்ன?" என்று ஆரம்பித்தார். எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தோம். "பால்கனிங்கறது ஒரு மனநில! முன்னெல்லாம் பால்கனின்னா கடல் தெரியணும்னு ஒரு பழய எண்ணம். நாங்க அத மாத்திட்டோம். எங்க உள்முகப் பால்கனிலேர்ந்து பாத்தா கப்பலோட கடைவீதி தெரியும். காட்சிப் பால்கனில ஒரு திரை இருக்கு, அதுல கடல் ஓடும். நிஜக் கடலவிட நீலமா இருக்கும், ராத்திரிகூட தெரியும். அப்புறம் கடல் உணர்வுப் பால்கனி. அது நிஜமாவே வெளிப்பக்கம். கடலுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரே ஒரு உயிர்காப்புப் படகு தொங்கும். அந்தப் படகே உங்களுக்கு ஒரு தைரியம்தானே?"

லவோன் கையைத் தூக்கினாள். "படுக்கைலேர்ந்து கடல் தெரியுமா?"

"அருமையான கேள்வி!" என்றார் தாட். கூட்டம் கைதட்டியது. "ரொம்ப ஆழமான கேள்வி. அடுத்த கேள்வி?"

"பதில் சொல்லலயே?"

"மேடம், நீங்க எந்தத் தரத்துல இருக்கீங்க? துளியா, அலையா, சமுத்திரமா?"

எங்கள் அட்டையைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். துளி. முதல் பயணம் போகிறவர்கள் எல்லோரும் துளி. கடல் பார்த்த பால்கனி அலைத் தரத்திலிருந்துதான். அலையாக வேண்டும் என்றால் ஒரு பயணம் போயிருக்க வேண்டும்.

நான் எழுந்தேன். "அப்போ முதல் பயணம் போறதுக்கு முன்னாடி ஒரு பயணம் போயிருக்கணும்."

"சரியா பிடிச்சுட்டீங்க சார்! நிறைய பேருக்கு இது விளங்கறதே இல்ல."

"இவளுக்கு அடுத்த பயணம்னு ஒண்ணு இருக்குமான்னு டாக்டர் சொல்லல" என்றேன். லவோன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். தாட்டின் முகத்தில் ஒரு வினாடி என்னவோ வந்து போனது. பிறகு நங்கூரத்தைத் தொட்டுக்கொண்டு, "அதுக்குத்தான் காத்திருப்புப் பட்டியல் இருக்கு" என்றார். "கடவுள் மனசு வச்சா உயர்வு வரும்."

வெளியே வரும்போது லவோன் அவரிடம் கேட்டாள். "நீங்க எத்தன தடவ கப்பல்ல போயிருக்கீங்க?"

"நானும் உங்க நெப்ராஸ்காதான் மேடம், ஒமாஹாக்காரன். கப்பல் எனக்கு ஒத்துக்காது, வயித்தப் பொரட்டும். ஆனா பால்கனில மூணாம் நிலைச் சான்றிதழ் இருக்கு."

அக்டோபரில் பதிவு செய்தோம். 'பேரானந்தம்', ஒன்பதாம் தளம், இடப்பக்கம், அறை எண் 9146, கடல் உணர்வுப் பால்கனி. கப்பல் மார்ச்சில் கிளம்பும். விண்ணப்பத்தை லவோனே நிரப்பினாள். அதனால் அவள் முதல் விருந்தினர், நான் இரண்டாம் விருந்தினர். பின்னால் இது என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது யார் கண்டார்கள்?

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கப்பலின் தளப் படம் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் விரிந்து கிடந்தது. ஒரு மூலையில் உப்பு டப்பா, மறு மூலையில் அவள் மாத்திரைப் பெட்டி. அறைக்கு மேலே நடனக்கூடம் இருக்கிறதா, பக்கத்தில் லிஃப்ட் சத்தம் வருமா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தாள். கப்பலில் போகிறவர்கள் அறைக் கதவில் காந்த பொம்மைகள் ஒட்டி அலங்கரிப்பார்களாம். மார்ச் மாதம் எங்கள் ஆற்றுக்கு வருமே, அந்தக் கொக்கு மாதிரி ஒரு காந்தம் வாங்கி வைத்தாள்.

"எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கும். நீ எவளோட அறைக்குள்ளயாவது போய் நிப்ப" என்றாள்.

ஒருநாள் எங்கள் படுக்கையறைத் தரையில் டேப் ஒட்டி, கப்பல் அறையின் அளவைக் குறித்தாள். கட்டில், கண்ணாடிக் கதவு, கம்பி எல்லாம் எங்கே வரும் என்று கணக்குப் போட்டாள். பிறகு மூன்று தலையணையில் சாய்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"டெல்மர், போய் ஜன்னலண்ட நில்லு. நீதான் படகு."

"என்னது?"

"உயிர்காப்புப் படகு. கையை விரி. இன்னும் விரி. ஐயே, படகு இப்பிடியா தொந்தியோட இருக்கும்?"

நின்றேன். அறுபத்தொன்பது வயதில், பனியன் போட்டுக்கொண்டு, கையை விரித்துப் படகாக நின்றேன்.

"கொஞ்சம் குனி. இன்னும். ஆங், இப்பத் தெரியுது."

"என்ன தெரியுது?"

"ஷ்ராடர் வீட்டுச் சோளக்காடு."

இருவரும் சிரித்தோம். அவள் ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிரவில்லை. இடுப்பு விட்டுப்போனது, ஆனாலும் நிமிரவில்லை.

ஜனவரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்காம் நாள் குழாயை நகர்த்திவிட்டு, "பால்கனிய விட்டுடாத" என்றாள்.

"இப்ப அதுவா முக்கியம்?"

"எத்தன மாசம் படிச்சேன்! நீ போ. படுக்கைலேர்ந்து தெரியுதான்னு பாத்துச் சொல்லு." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "நான் மனசு மாறல, டெல்மர். உடம்புதான் மாறிடுச்சு."

மறுநாள் காலை போய்விட்டாள். அதற்குப் பதினோரு நாள் கழித்துத்தான் நீலக் கடிதம். படகு இல்லாத பால்கனி, அதே ஒன்பதாம் தளம், அதே இடப்பக்கம், அறை எண் 9212.

விருந்தினர் சேவைக்குப் போன் போட்டேன். கிம்பர் என்று ஒரு பெண் எடுத்தாள். குரலில் தேன் வழிந்தது.

"வணக்கம் சார். இந்தப் பதிவுல முதல் விருந்தினர் லவோன் மேடம். அவங்ககிட்டக் கொஞ்சம் போனக் குடுக்கறீங்களா?"

"அவ செத்துட்டா."

"கேக்கவே வருத்தமா இருக்கு சார். அவங்க எப்ப ஃப்ரீயா இருப்பாங்க?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எதிரே திரையில் எழுதியிருப்பதைப் படிக்கிறாள். மறுபடி நிதானமாகச் சொன்னேன். அடக்கம் பண்ணியாகிவிட்டது, அவள் வரமாட்டாள், நான் மட்டும் வருவேன், அவள் பெயரை எடுத்துவிடுங்கள்.

"முதல் விருந்தினர ரெண்டாம் விருந்தினர் நீக்க முடியாது சார். அவங்களே விலகிக்கணும். அவங்க விலகினா நீங்களும் தானா விலகிடுவீங்க, ஏன்னா நீங்க அவங்களோட துணைதான்."

"அது உண்மதான்" என்றேன்.

"அப்படின்னா அவங்க விலகக் காரணம் ஒண்ணு சொல்லணும் சார். நான் படிக்கறேன். வானிலை பயம். வேலைப் பளு. வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். மனம் மாறிவிட்டது."

"சாவு இல்லயா?"

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "இல்ல சார். எங்க விருந்தினர்கள் யாரும் அந்தக் காரணத்துக்காக விலகினதா பதிவு இல்ல. பெரும்பாலும் எல்லாரும் 'மனம் மாறிவிட்டது'தான் போடுவாங்க. போட்டுடவா சார்? நீங்களே முதல் விருந்தினரா புதுசா பதிவு பண்ணிக்கலாம். காட்சிப் பால்கனி காலியா இருக்கு."

"போடாதம்மா."

"ஒரு சம்பிரதாயம்தான் சார்."

"அவ மனசு மாறல. எத வேணாலும் போடு, அத மட்டும் போடாத. அவ சாகற வரைக்கும் மாறல." நான் கத்தியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கிம்பர் தட்டச்சை நிறுத்தினாள். பிறகு, திரையில் இல்லாத குரலில், "அப்ப அப்படியே விட்டுடுங்க சார்" என்றாள். "யாரும் பாக்க மாட்டாங்க."

இறப்புச் சான்றிதழை அனுப்பினேன். அவர்கள் கணினி அதைத் திருப்பி அனுப்பியது. 'முகம் தெளிவாகத் தெரியவில்லை. வெளிச்சமான இடத்தில், புன்னகையுடன் மீண்டும் முயலவும்.' மறுவாரம் லவோனுக்கு ஒரு கடிதம் வந்தது, நீச்சல்குளக் கராத்தே வகுப்பில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

மார்ச்சில் கொக்குகள் எங்கள் ஆற்றுக்கு வந்த வாரம், நான் ஃப்ளோரிடாவுக்குப் போனேன்.

துறைமுக மேசையில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். பிறகு கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"முதல் விருந்தினர் ஏறாம உங்கள ஏத்த முடியாது சார். திரும்பிப் போகச் சொல்லுது."

"நான் நெப்ராஸ்காலேர்ந்து வரேன்."

அவர் இரு பக்கமும் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். "அதனால அவங்கள ஏத்திட்டேன்" என்றார்.

கப்பலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய கடைத்தெரு, கீழே தண்ணீர். ஒன்பதாம் தளத்து நடைபாதையின் மறுகோடி கண்ணுக்கு எட்டவில்லை. லவோன் சொன்னது போலவே எல்லாக் கதவும் ஒரே மாதிரி. 9212 கதவில் ஒரு உறை தொங்கியது, உள்ளே இரண்டு அட்டைகள். ஒன்றில் என் பெயர், ஒன்றில் அவள் பெயர், கீழே சின்னதாக 'துளி'. கொக்கைக் கதவில் ஒட்டினேன். உள்ளே போக மனம் வரவில்லை. நடைபாதையிலேயே நின்றேன்.

அப்போது ஒலிபெருக்கி பேசியது. கப்பல் கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் அவரவர் பாதுகாப்புக் கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்ட வேண்டும். கடைசி ஆள் வரும் வரை கப்பல் நகராது. அது கடல் சட்டம். போனேன், என் அட்டையைக் காட்டினேன், ஒரு ஓரமாக நின்றேன். இருபது நிமிஷம் போனது. கப்பல் நகரவில்லை.

"விருந்தினர் லவோன் ரீகெல், அறை எண் 9212, உடனடியாகக் கூடுமிடம் 'சி'க்கு வரவும்."

பதினான்கு தளத்திலும் கேட்டது. நீச்சல்குளத்தில், கடைவீதியில், லிஃப்டுக்குள். எங்கள் ஊரில் அவள் பெயரை இத்தனை சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை.

"விருந்தினர் லவோன் ரீகெல். உங்களுக்காக மூவாயிரம் பேர் காத்திருக்கிறார்கள்."

"எவ அவ?" என்றான் என் பக்கத்தில் நின்ற பூப்போட்ட சட்டைக்காரன். "எங்கயாவது குடிச்சுட்டுக் கெடப்பா."

அவனை அடிக்கத்தான் கை வந்தது. அடிக்கவில்லை. மூன்றாம் தடவை அவள் பெயரைச் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். மேசையில் ஜோவெல் என்று பெயர்ப்பட்டை குத்திய ஒரு அதிகாரி இருந்தார்.

"நீங்க லவோனோட..."

"துணை."

"அவங்க எங்க சார்?"

நான் வாயைத் திறந்தேன். எத்தனை பேரிடம்தான் சொல்வது? கிம்பரிடம் சொன்னேன், கணினியிடம் சொன்னேன், மேசைக்காரரிடம் சொன்னேன். "அவளால வர முடியல" என்றேன்.

"பரவால்ல சார். ஆள் வேண்டாம், கார்டு போதும்."

சட்டைப்பையிலிருந்து அவள் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கருவியில் வைத்தார். கீச்சென்று ஒரு சத்தம், பச்சை விளக்கு. திரையில் எழுத்து வந்தது. 'லவோன் ரீகெல்: பாதுகாப்பாக இருக்கிறார்.'

"இன்னொரு தடவ காட்டுங்க" என்றேன்.

ஜோவெல் என் முகத்தைப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார். பாஸ்டர் இதையேதான் கல்லறையில் சொன்னார். டாக்டர் வேறு மாதிரி சொன்னார். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. அந்த நாசமாய்ப்போன கருவியை மட்டும் ஒரு நிமிஷம் நம்பினேன். கடவுளே, நம்பினேன்.

ஒலிபெருக்கியில் கேப்டன் வந்தார். "விருந்தினர் லவோனுக்கு நன்றி. அனைவரும் பாதுகாப்பாக இருக்கிறோம். கிளம்பலாம்." கப்பல் முழுக்கக் கைதட்டியது. பூப்போட்ட சட்டைக்காரனும் தட்டினான்.

கொக்கைப் பார்த்து எங்கள் கதவைக் கண்டுபிடித்தேன். பால்கனியில் இரண்டு நாற்காலிகள். அங்கே போகவில்லை. கண்ணாடிக் கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு, அவள் டேப் ஒட்டிக் காட்டிய அதே இடத்தில் இருந்த கட்டிலில், அவள் பக்கம் படுத்தேன்.

கம்பி தெரிந்தது. கொஞ்சம் வானம் தெரிந்தது. கடல் இல்லை. இத்தனை மாதம், இத்தனை படிப்பு, நீலக் கடிதம், பதவி உயர்வு, எல்லாவற்றுக்கும் பதில் கம்பியும் வானமும்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அப்புறம்தான் உறைத்தது. நான் ஒரு தலையணையில் படுத்திருந்தேன்.

என் பக்கத்துத் தலையணையை எடுத்து மேலே வைத்தேன். அலமாரியைத் திறந்து இன்னொன்றைத் தேடி எடுத்தேன். மூன்றையும் அடுக்கி, அவள் சாய்ந்துகொள்வது போலவே, பாதி உட்கார்ந்த வாக்கில் சாய்ந்தேன். துறைமுகச் சுவர் மெல்ல விலகிப் போனது. அதற்குப் பின்னால், கட்டிலின் கால்மாட்டிலிருந்து வானம் முட்டும் வரைக்கும், நடுவில் ஒரு படகும் இல்லாமல், தண்ணீர்.

"தெரியுது, லவோன்" என்றேன்.